தண்ணீருக்குள் ஒரு காளவாசல்

மதுரை ஆரப்பாளையத்திலிருந்து மேற்கே போகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர் "காளவாசல் எறங்கு!" என்று குரல் கொடுப்பார். இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரை நினைத்துப் பார்த்திருப்பார்கள்? செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகிற சூளைக்குத்தான் தமிழில் காளவாசல், காளவாய் என்று பெயர். இன்று அங்கே மேம்பாலம், ஜவுளிக்கடை, பரோட்டாக் கல். பெயரில் மட்டும் பழைய தீ மிச்சமிருக்கிறது.

சூளை போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் கைப்பழக்கமாகவே தெரியும். விறகை எவ்வளவு அடுக்கினாலும், அடியில் விடுகிற வாய் சரியில்லையென்றால் காரியம் கெட்டுவிடும். வாய் அடைபட்டால் தீ திணறும், கரும்புகை கக்கும், கல் உள்ளே வேகாமல் கிடக்கும். எரிவதற்கு விறகு பாதி, காற்று பாதி.

இந்த அத்தியாயம் சாக்கடையைப் பற்றியது. ஆனால் அதைப் புரிந்துகொள்ளச் சூளையிலிருந்து தொடங்குவதே சுலபம். நகரின் தென்கோடியில் அவனியாபுரத்தில் மாநகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே நடப்பதும் எரிப்புதான். சுடர் இல்லை, புகை இல்லை, தண்ணீருக்குள்ளேயே எரிகிறது. எரிப்பவை பாக்டீரியாக்கள்.

காற்றில் 270, தண்ணீரில் 8

சோறு வடித்த கஞ்சி, குளித்த அழுக்கு, மலம், சிறுநீர், பாத்திரம் கழுவிய எண்ணெய்ப் பிசுக்கு. இவற்றில் இருக்கும் கரிமப் பொருளைப் பாக்டீரியா தின்கிறது. தின்றதை ஆக்சிஜனோடு சேர்த்துக் கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாற்றுகிறது. விறகு எரியும்போது கிடைப்பதும் அதே இரண்டுதான். விறகில் நொடியில் நடப்பது, பாக்டீரியாவின் உடலுக்குள் படிப்படியாக, வெதுவெதுப்பான சூட்டில் நடக்கிறது.

சிக்கல் காற்றில்தான். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில், 27 பாகை செல்சியஸ் வெப்பத்தில், கரைந்து நிற்கக்கூடியது வெறும் 8 மில்லிகிராம். மீனும் நத்தையும் தட்டான் குஞ்சும் பாக்டீரியாவும் அந்த எட்டு மில்லிகிராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் சூடாக ஆக அந்த எட்டும் குறையும். 20 பாகையில் 9 மில்லிகிராம் கொள்ளும் தண்ணீர் 30 பாகையில் ஏழரை மட்டுமே கொள்ளும். ஆனால் சூடு ஏற ஏறப் பாக்டீரியாவின் பசி கூடும். சித்திரை வெயிலில் ஆறு ஏன் சீக்கிரம் நாறுகிறது என்பதற்கு இந்த இரண்டு வரி போதும்: வரவு குறைகிறது, செலவு கூடுகிறது.

இந்தச் செலவை அளக்க ஒரு சோதனை இருக்கிறது. தமிழில் 'உயிர்வேதி ஆக்சிஜன் தேவை' என்று எழுதுவார்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் எல்லோரும் 'பி.ஓ.டி.' என்பார்கள். தண்ணீரை ஒரு புட்டியில் காற்றுப் புகாமல் மூடி, இருட்டில், ஒரே வெப்பத்தில் சில நாள் வைப்பார்கள். வைக்கும்போது ஆக்சிஜன் எவ்வளவு, எடுக்கும்போது எவ்வளவு? குறைந்தது எத்தனை மில்லிகிராமோ, அத்தனை அழுக்கு. அழுக்கை எடை போடாமல், அதைத் தின்றவர்களின் மூச்சை எண்ணுகிற கெட்டிக்காரத்தனம் இது.

வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி. பொதுவாக லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம். நடுவில் 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடம் சாக்கடையைத் தின்று முடிக்க, 31 குடம் நல்ல தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் மொத்தமும் காலியாக வேண்டும். ஒரு துளிகூட மீனுக்கு மிஞ்சாது. ஒரு சாக்கடை வாய்க்கால் வந்து விழுந்த இடத்தில் ஆறு ஏன் அப்படிக் கறுத்துப் போகிறது என்பதற்கு இதுவே கணக்கு. ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியாக் கூட்டம் மாறிவிடும். ஆக்சிஜன் இல்லாமல் வாழத் தெரிந்தவை வந்து, சல்பேட்டைச் சுவாசித்து, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடும். அது இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்கும். வாய் அடைபட்ட சூளையின் கரும்புகை போலத்தான் ஆற்றின் கறுப்பும்.

உறைமோர் ரகசியம்

இந்த எரிப்பை ஆற்றில் நடக்கவிடாமல், நம் கண் முன்னால் தொட்டியில் நடத்தி முடித்துவிட்டால்? அந்த யோசனை நூறாண்டுப் பழமையானது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் கழிவுநீரைப் பாட்டிலில் ஊற்றிக் காற்று ஊதிப் பார்த்தார்கள். முழுதாகச் சுத்தமாவதற்கு வாரக்கணக்கில் ஆனது. அதுவரை இதைச் செய்தவர்கள் தெளிந்த நீரோடு அடியில் படிந்த வண்டலையும் கொட்டிவிடுவது வழக்கம். இவர்கள் வண்டலை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஐந்து வார வேலை ஒரே நாளில் முடிந்தது. 1914-ல் அவர்கள் இதை அறிவித்தார்கள்.

நம் வீட்டில் இதைச் செய்யாத அம்மா கிடையாது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டியை எடுத்து வைத்து இன்றைய பாலில் உறை ஊற்றுகிறோம். உறைமோரில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் வேலையாட்கள் இருப்பதால் பால் ராத்திரிக்குள் தோய்ந்துவிடுகிறது. மான்செஸ்டர் வண்டலும் ஓர் உறைமோர். சாக்கடை தின்னப் பழகிய பாக்டீரியாக்கள் அதில் கொத்துக் கொத்தாக இருந்தன. அதனால்தான் அதற்கு 'செயலூட்டிய சேறு' என்று பெயர் வந்தது. உலகின் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் பெரும்பாலானவை இன்றும் இந்த உறைமோர் முறையின் ஏதாவது ஒரு வடிவத்தில்தான் ஓடுகின்றன.

அந்த இருவரையும் இந்த வேலையில் இறக்கிவிட்டவர் கில்பர்ட் ஃபௌலர். அவர் பின்னர் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்துக்கு உயிர்வேதியியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். மான்செஸ்டர் பாட்டிலுக்கும் நம் ஊருக்கும் அப்படி ஒரு சொந்தம்.

காலையில் குளித்த தண்ணீர் எங்கே போகிறது?

மதுரையில் பாதாள சாக்கடை 1924-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் நகரத்துக் கழிவுநீர் அவனியாபுரம் பக்கம் போய்ப் பண்ணையில் பாய்ந்தது. அங்கே வளர்ந்த புல் மாட்டுத் தீவனமாயிற்று. சாக்கடை, புல், பால் என்ற அந்தச் சங்கிலி ஊர் சிறியதாக இருந்தவரை ஓடியது. மண்ணுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. மண்ணின் இடுக்குகளில் இருக்கும் காற்றுதான் அங்கே சூளையின் வாய். தண்ணீர் விடாமல் நின்றால் அந்த வாய் அடைபட்டுப் போகும்.

இன்று மாநகராட்சிக்கு இரண்டு பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள். தென்கரைக்கு அவனியாபுரம், திறன் நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர். வடகரைக்குச் சக்கிமங்கலம், திறன் 45.7 மில்லியன் லிட்டர். காளவாசலில் ஒருவர் காலையில் குளித்த தண்ணீரோடு நாமும் போய்ப் பார்க்கலாம்.

சாக்கடை பள்ளத்தை நோக்கி ஓடும். மதுரையோ சமவெளி. குழாய் போகப் போக ஆழமாகிக்கொண்டே போகும். ஓரளவுக்கு மேல் தோண்ட முடியாது. அங்கே ஒரு பம்பிங் ஸ்டேஷன். கிணற்றில் சேர்ந்த கழிவுநீரை மோட்டார் மேலே ஏற்றி அடுத்த குழாயில் தள்ளும். மின்சாரம் நின்றால், மோட்டார் பழுதானால், அந்த நீர் பக்கத்து மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வரும். ஆற்றின் ஆரோக்கியம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எத்தனையோ கிலோமீட்டர் முன்னாலேயே ஒரு மோட்டாரைக் கட்டிக்கொண்டு தொங்குகிறது.

நிலையத்துக்குள் முதல் வேலை கம்பிச் சல்லடை. பிளாஸ்டிக் பை, துணி, நாப்கின், ஷாம்பு சாஷே எல்லாம் அங்கே சிக்கும். அடுத்தது மணல் படியும் தொட்டி. நாம் பாத்திரம் விளக்கிய மண்ணும் தெருப்புழுதியும் அங்கே இறங்கும்; இறங்காவிட்டால் பம்பின் சக்கரத்தைத் தேய்த்துத் தின்றுவிடும்.

பிறகு வருவது காற்றுத் தொட்டி. பார்ப்பதற்குக் கொதிக்கிற சுக்குக் காபி மாதிரி இருக்கும், ஆனால் சூடு கிடையாது. அடியிலிருந்து புளோயர்கள் காற்றை ஊத, நுண்ணிய குமிழ்கள் கோடிக்கணக்கில் மேலேறும். குமிழ் ஏன் சிறியதாக இருக்க வேண்டும்? ஒரு சென்டிமீட்டர் குமிழை ஒரு மில்லிமீட்டர் குமிழ்களாக உடைத்தால், அதே காற்று தண்ணீரைத் தொடும் பரப்பு பத்து மடங்காகிறது. ஆக்சிஜன் அந்தப் பரப்பின் வழியாகத்தான் நீருக்குள் நுழைய முடியும்.

125 மில்லியன் லிட்டரும் 250 என்ற பி.ஓ.டி.யோடு வந்தால், அதை 20-க்கு இறக்க ஒரு நாளைக்குச் சுமார் 29 டன் அளவுக்கு ஆக்சிஜன் தேவையைத் தீர்த்தாக வேண்டும். இப்படிப்பட்ட நிலையங்களின் மின்கட்டணத்தில் பாதிக்கு மேல் காற்று ஊதுவதற்கே போகிறது. சூளைக்காரர் வாய் விட்டுவைத்தால் காற்று தானாக வந்தது. தண்ணீர்ச் சூளையில் காற்றை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

தின்று முடித்த பாக்டீரியாக்கள் பஞ்சுக் கொத்துகளாகச் சேர்ந்து, காற்று நின்றதும் அடியில் படியும். மேலே தெளிந்த நீர். தினமும் இதைச் சோதிக்கும் முறை ஆச்சரியமான எளிமை கொண்டது. ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் தொட்டி நீரைப் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைப்பார்கள். சேறு எந்தக் கோடுவரை இறங்குகிறது? மேலே நிற்கும் நீர் தெளிவா, கலங்கலா? அனுபவமுள்ள ஆபரேட்டர் அந்த உருளையைப் பார்த்தே தொட்டியின் உடல்நிலையைச் சொல்லிவிடுவார். நுண்ணோக்கியில் பார்த்தால் மணி வடிவத்தில் தண்டோடு ஆடும் வொர்ட்டிசெல்லா என்ற ஒருசெல் உயிரி தெரியும். தனித்து மிதக்கும் பாக்டீரியாக்களைப் பிடித்துத் தின்று நீரைத் தெளியவைப்பவை இந்த வகை உயிரிகளே. அவை நிறைய இருந்தால் நிலையம் நலம்.

சூளையில் சாம்பல் மிஞ்சுவதுபோல இங்கே சேறு மிஞ்சும். பாக்டீரியா தின்றதில் ஏறக்குறைய பாதியை எரிக்கிறது. மீதியைத் தன் பிள்ளைகளாக மாற்றிக்கொள்கிறது. அவ்வளவும் சேறு. உறைமோருக்கு ஒரு பங்கு போக, உபரியைத் தினமும் வெளியே எடுத்தாக வேண்டும். எடுத்ததை உலர்த்தி எங்கே கொண்டுபோவது என்பதற்கு வழி இல்லாத நிலையம், வயிறு நிறைந்தும் தின்றுகொண்டே இருப்பவர் போல ஒருநாள் கக்கிவிடும்.

எட்டுப் பங்கு நல்ல தண்ணீர்

20 என்று சொன்னேன். அந்த எண் எங்கிருந்து வந்தது?

1898-ல் பிரிட்டன் கழிவுநீருக்காக ஓர் அரச ஆணையத்தை அமைத்தது. 1912-ல் வந்த அதன் எட்டாவது அறிக்கை, ஆற்றில் விடும் நீரின் பி.ஓ.டி. 20-க்கு மேல் போகக்கூடாது என்றது. கூடவே ஒரு நிபந்தனை: அந்த ஆற்றில் குறைந்தது எட்டுப் பங்கு நல்ல தண்ணீர் ஓட வேண்டும். நல்ல ஆற்றின் பி.ஓ.டி. 2 என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு பங்கு 20-உம் எட்டுப் பங்கு 2-உம் கலந்தால் சரியாக 4 வரும். அதற்குமேல் போனால் ஆறு கெடத் தொடங்கும் என்பது அவர்கள் கணிப்பு.

சோதனைப் புட்டியை ஐந்து நாள் வைத்ததும் அவர்கள் ஊர்க் கணக்குதான். அங்கே எந்த ஆற்று நீரும் ஐந்து நாளுக்குள் கடலில் சேர்ந்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். நம் நாட்டு வெப்பத்துக்கு ஏற்ப இந்தியத் தரமுறை சோதனையை 27 பாகையில் மூன்று நாள் என்று மாற்றிக்கொண்டது. புட்டியை நம் வெயிலுக்குப் பழக்கிவிட்டோம். ஆற்றை?

வைகை வருசநாட்டு மலைகளில் பிறந்து சுமார் 258 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆனால் இங்கிலாந்து ஆறுகளைப் போல ஓட்டமாக ஓடிக் கடலில் கலப்பதில்லை. வழிநெடுகக் கண்மாய்களுக்குப் பிரிந்து, கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேர்கிறது, மிஞ்சினால்தான் கடல். ஆகவே வைகையில் கலந்த அழுக்கைக் கடல் வாங்கிக்கொள்ளும் என்ற ஆறுதலுக்கு இடமில்லை. அது யாரோ ஒருவரின் வயலுக்கும் கண்மாய்க்கும்தான் போகும்.

எட்டுப் பங்கு நல்ல தண்ணீரும் பெரும்பாலான மாதங்களில் கிடையாது. 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணை பாசனத்துக்குத் திறக்கும்போதும், மழை வெள்ளத்திலும், அழகர் இறங்குவதற்கு விடும்போதும் ஆற்றில் தண்ணீர் பார்க்கலாம். மற்ற நாளில் ஏ.வி. பாலத்தில் நின்று கீழே பார்த்தால் மணலும் செடியும் நடுவே ஓர் ஓடையும்தான் தெரியும். அந்த ஓடையில் பெரும்பகுதி பந்தல்குடி போன்ற கால்வாய்கள் கொண்டுவந்து சேர்த்த ஊர்த் தண்ணீர். கலப்பதற்கு ஆறே இல்லாத இடத்தில் வந்து விழுவதுதான் ஆறு.

குளிக்கத் தகுந்த ஆற்றுக்கு பி.ஓ.டி. 3-க்கு மேல் போகக்கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் குறையக்கூடாது என்கிறது இந்திய அளவுகோல். நன்றாக நடக்கிற நிலையம் ஒன்று 20-ல் நீரை விட்டால், அது தன் தேர்வில் பாஸ். அதே நீர் காய்ந்த ஆற்றில் தனியாக ஓடினால், ஆற்றின் தேர்வில் கிட்டத்தட்ட ஏழு மடங்கு ஃபெயில். இருவரும் பொய் சொல்லவில்லை. கேள்வித்தாள் வேறு வேறு. 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரம்பை 10-க்கு இறக்கச் சொன்னதன் நியாயம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஆறு பேசும் மொழி

வைகை நீரின் தரத்தைப் பற்றிய புகார் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. பரிபாடலில் நமக்குக் கிடைத்த 22 பாடல்களில் 8 வையையைப் பற்றியவை. வையையைப் பாடும் ஓரிடத்தில், நீராடியவர்களின் மணப்பொருளும் கள்ளும் கலந்த நீரைக் கண்டு அந்தணர்கள் தயங்கி, வாய் கொப்பளிக்காமல் திரும்புகிறார்கள். கண்ணும் மூக்கும்தான் அவர்களின் ஆய்வுக்கூடம். இன்றைக்கும் அது பயன்படும்.

விடியுமுன் போய்ப் பாருங்கள். இரவெல்லாம் பாசியும் சுவாசிப்பதால் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் அது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றால் நீர் திணறுகிறது என்று பொருள். விரால் இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். அது மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த மீன். சேற்றைக் கிளறினால் ரத்தச் சிவப்பில் புழுக்கள் நெளிகின்றனவா? ஆக்சிஜன் இல்லாத சேற்றில் தாக்குப்பிடிக்க நம் ரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபினை வைத்திருக்கும், கொசு போன்ற ஒரு பூச்சியின் புழு அது. ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கிறதா? பி.ஓ.டி. குறைந்தாலும் நைட்ரஜனும் பாஸ்பரசும் வெளியேறிக்கொண்டிருக்கின்றன.

2024-ல் அவனியாபுரத்துக்குப் பக்கத்து அயன்பாப்பாக்குடிக் கண்மாய் வாய்க்காலில் வெள்ளை நுரை மலைபோல் எழுந்து சாலைக்கு வந்த காட்சி செய்திகளில் வந்தது. நுரைக்கு இரண்டு பொருள் வேண்டும்: சோப்பு போலத் தண்ணீரின் மேல்தோலை இளக்கும் ஒரு பொருள், உயரத்திலிருந்து விழும் தண்ணீர். மழையில் வரத்து கூடி மடையில் நீர் விழுந்து அடிக்கும்போது, அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த சலவைப் பொருள் நுரையாக வெளியே வருகிறது.

மேற்கு மதுரையின் ஊடே வரும் கிருதுமால் நதியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பாகவதத்தில் சத்தியவிரதன் கையில் மீன் வந்து சேர்ந்த கிருதமாலா இதுதான் என்பது இங்குள்ள நம்பிக்கை; வைகையே அது என்பாரும் உண்டு. இன்று நகருக்குள் அதை ஆறு என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதற்கு மருந்து பெரிய நிலையத்தை இன்னும் பெரிதாக்குவது அல்ல. குழாயில் சேராத வீடும் கடையும் வாய்க்காலில் விடுகிற ஒவ்வொரு குடமும் 31 குடத்தின் மூச்சைப் பிடுங்குகிறது. அதைக் குழாய்க்குத் திருப்புவது, குழாய் எட்டாத இடத்தில் தெருவளவில் சிறிய நிலையம் அமைப்பது, சுத்தமான நீரைக் கண்மாய் வழியே மெல்ல நடக்கவிட்டு வெயிலும் நாணலும் மிச்ச வேலையைச் செய்ய இடம் கொடுப்பது. இவை மூன்றும் சேர்ந்தால்தான் 20 என்பது 3-ஐ நோக்கி இறங்கும்.

அணை நிலவரம்

ஒரு கணக்கோடு முடிக்கிறேன். நம் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் கன அடி. இரண்டு நிலையங்களின் திறன் சேர்த்து 170.7 மில்லியன் லிட்டர். ஒரு நொடிக்கு எத்தனை கன அடி என்று மாற்றினால் கிட்டத்தட்ட 70.

நாளிதழின் அணை நிலவரப் பகுதியைத் திறந்து பாருங்கள். பாசனத் திறப்பு இல்லாத நாட்களில், வைகை அணையிலிருந்து குடிநீருக்கு வெளியேற்றம் 69 கன அடி என்ற வரி பழகிய வரி. அந்தத் தண்ணீர் எல்லாம் மதுரைக்கு மட்டும் அல்ல. மதுரைக்கு அது மட்டுமே ஆதாரமும் அல்ல. இருந்தாலும் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று விளங்கும். கோடையில் வைகை காய்ந்துவிடவில்லை. குழாயில் ஏறி, நம் வீட்டு மாடித் தொட்டிக்கு வந்து, குளியலறை வழியாக இறங்கி, பாதாளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. முல்லைப் பெரியாற்றிலிருந்து நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் கொண்டுவரும் குடிநீர்த் திட்டமும் அந்த ஓட்டத்தைப் பெருக்கவே செய்யும். வருகிற தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு.

அப்படியானால் அணை நிலவரம் பாதியில் நிற்கிறது. வைகை அணை நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை, வெளியேற்றம் இத்தனை என்று போட்ட பிறகு, அதன் கீழே இன்னும் இரண்டு வரி வர வேண்டும். அவனியாபுரம்: வெளியேற்றம் இத்தனை கன அடி, பி.ஓ.டி. இத்தனை. சக்கிமங்கலம்: வெளியேற்றம் இத்தனை, பி.ஓ.டி. இத்தனை. டீக்கடையில் பேப்பர் விரித்து "இன்னிக்கு அணையில எவ்வளவு?" என்று கேட்கிற அதே ஆள், விரலை இன்னும் இரண்டு வரி கீழே நகர்த்தி அதையும் வாசிக்கட்டும்.